சிவப்பு வட்டம் போட்ட குடை

அத்தியாயம் 3

திருட்டுப் போன பொருள் எதிர்ச்சுவரில் பத்தடி அகலத்துக்குப் பளபளவென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதைத் திருடியதாகச் சொல்லப்பட்டவள் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திருட்டைக் கண்டுபிடிக்க வந்தவளோ இரண்டையும் பார்க்காமல், மேஜைமேல் கிடந்த ஒரு குடையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அது குடை. மோந்து பாத்து வாங்கறதுக்குப் பழமா?" என்றான் தம்பி, காதோரமாக.

"ரப்பர் வாசனை இன்னும் போகலை. அவசரத்துல செஞ்சு கடைக்கு அனுப்பியிருக்கான்," என்றாள் ஊசியக்கா.

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம், எரியாத கடையை எரிந்தது என்றும் கவிழாத லாரியைக் கவிழ்ந்தது என்றும் எழுதிக் கொடுத்தவர்களைக் குத்திக் குத்திக் கேட்டு வாங்கிய பட்டம் அது. அந்த வேலையை விட்டதும் ஒரு தையல்கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் போட்டாள். தம்பி அவளோடு கூடப் பிறந்தவன். வயது முப்பத்தெட்டு. வாயால் மூன்று வேலைகளைத் தொலைத்தவன். நாலாவது வேலையிலிருந்து அவனை யாரும் நீக்க முடியவில்லை, முதலாளி சொந்த அக்காவாகப் போய்விட்டாள். காரை ஓட்டுவது, போட்டோ எடுப்பது, யாரும் கேட்காத கருத்தைச் சொல்வது, இந்த மூன்றும் அவன் பொறுப்பு.

"பாத்தீங்களா மேடம்? இதுதான் எங்க பலகை!"

கைகளை அகல விரித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் வந்து நின்றார் கம்பெனி முதலாளி. வீட்டுச் சாமான்களை வடிவமைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. முப்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். முதலாளி முதுகைக் காட்டினால் அந்த முப்பத்திரண்டு பேரும் அவரைப் பலகையார் என்றார்கள். காரணம் சுவரிலேயே இருந்தது. அந்தப் பெரிய திரை முழுக்க வண்ணச் சீட்டுகள், படங்கள், பெட்டிகள், பெட்டியிலிருந்து பெட்டிக்கு ஓடும் அம்புகள். ஓர் அம்பைப் பிடித்துக்கொண்டு போன தம்பியின் கண், நாலு திட்டங்களைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"எங்ககிட்ட காகிதமே கிடையாது. எண்ணம் வந்தா மஞ்சள் சீட்டு. வேலை நடந்தா நீலச் சீட்டு. முடிஞ்சா பச்சை. எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இருந்தே எழுதலாம், வரையலாம், படம் ஒட்டலாம். மூளைக்குள்ள இருக்கறது அப்படியே கண்ணு முன்னாடி வந்துடும்!"

தம்பி பச்சைச் சீட்டுகளை எண்ணினான். நானூறு சீட்டுக்கு நடுவில் மூன்று தேறின. ஒன்றில் 'பலகை வாங்க முடிவு' என்றிருந்தது. இன்னொன்றில் 'பலகை வாங்கியாகிவிட்டது'. மூன்றாவது, 'பலகை வாங்கியதற்குப் பாராட்டுக் கூட்டம்'.

"ஏட்டுச் சுரைக்காய் கேள்விப்பட்டிருக்கேன். பலகைச் சுரைக்காய் இப்பதான் பாக்கறேன்," என்று முணுமுணுத்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

"அங்கங்க சிவப்பு வட்டம் போட்டிருக்கே, அது என்ன சார்?" என்று கேட்டாள்.

"அதுதான் மேடம் உயிர்நாடி! எந்தத் திட்டமா இருந்தாலும் அதுக்கு உயிர்நாடி எதுவோ, அதைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம்." காற்றில் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார் பலகையார். கீழே உட்கார்ந்திருந்தவளின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கண்ணாடியைத் துடைத்தது.

கதையை மிச்சமில்லாமல் சொல்லி முடித்தவர் மேனேஜர். பலகையாரின் மனைவியோடு பிறந்தவர், அதாவது மைத்துனர். தங்கள் டிசைனர் பத்து மாதம் உழைத்து வரைந்த சொட்டாத குடை, போன வாரம் எதிர்க்கம்பெனியின் பெயரோடு கடைக்கு வந்துவிட்டது. மேஜைமேல் கிடப்பது அதுதான். பலகையைத் திறந்தவர் யார், எப்போது, என்ன செய்தார் என்று தானாகவே எழுதிக்கொள்ளும் ஒரு பதிவேடு அதற்குள் இருக்கிறது. குடைப் படத்தை மொத்தமாக வெளியே எடுத்தது மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவை. ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று பத்துக்கு. எடுத்தவர் பெயர், டிசைனர்.

"பதிவேடு பொய் சொல்லாது மேடம். நாலு மணிக்குக் கூட்டம். எல்லார் முன்னாடியும் இவங்க ஒத்துக்கிட்டு ராஜினாமா கடிதத்துல கையெழுத்துப் போடணும். இல்லைன்னா போலீஸ்."

"தீர்ப்பு எழுதியாச்சுன்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"எதிர்க்கம்பெனிமேல வழக்குப் போடணும். வெளியாள் அறிக்கை ஒண்ணு இருந்தா நல்லதுன்னு வக்கீல் சொன்னார்."

"அதாவது பொணத்துக்கு வைத்தியம் பாத்து சீட்டு எழுதிக் குடுக்கணும்," என்றான் தம்பி. இந்தத் தடவை அக்கா மிதிக்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்றே காலைக் காட்டியது.

*

டிசைனரின் அறை ஜன்னலோரத்தில் மூன்று பக்கம் தடுப்பு வைத்த சின்ன இடம். மேஜையில் ஒரு திரை, திரையில் எழுதுகிற பேனா, பாதி பாதியாக வெட்டிய ஏழு குடைகள். பதினோரு வருஷம் இதே நாற்காலி. அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்த தம்பி, அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் முகத்தில் இருந்தது அழுகை இல்லை, கோபம். ஆறவைத்து மடித்து வைத்திருந்த கோபம்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை மூணு பத்துக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள் ஊசியக்கா.

"தெரியலைங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை மூணு பத்துக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"என்னைத் திட்டிட்டிருந்திருப்பாங்க," என்றான் தம்பி. முதல் தடவையாக அவள் உதடு ஓரத்தில் கொஞ்சம் அசைந்தது.

"குடை எப்படித் தோணிச்சு?"

"என் பொண்ணு பள்ளிக்கூடப் போட்டிக்கு ஆறு வாரம் உக்காந்து ஒரு படம் வரைஞ்சா. பஸ்ல எடுத்துட்டுப் போறோம். மடியில படம், பக்கத்துல என் ஈரக்குடை. இறங்கும்போது பாத்தா பாதி படம் கரைஞ்சு போச்சு. அவ அழவே இல்லைங்க. பரவாயில்லைம்மான்னு சொன்னா. அதான் தாங்க முடியலை." பேனாவை எடுத்துத் திரையைத் தட்டினாள். "இந்தக் குடை கையை விட்டுப் போறது கூடப் பெரிசில்லை. திருடின்னு பேர் வந்துட்டா இந்தத் தொழில்ல எனக்கு எந்தக் கதவும் திறக்காது. அவகிட்ட போய் என்ன சொல்லுவேன்?"

திரையில் பலகையின் ஒரு மூலை பெரிதாகி வந்தது. அதைப் பார்த்ததும் தம்பிக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, இவ்வளவு நேரம் பலகையைப் பரிகாசம் செய்துவிட்டோமே என்று. இந்த மூலையில் அம்புகள் ஊர் சுற்றவில்லை. நடுவில் மூடிய குடை ஒன்று, கைப்பிடி மேலே, முனை கீழே. ஈரத் துணிமேல் சரிந்து இறங்கும் ஓர் உறை. உறையின் அடியில், குடை முனையில், ஒரு சின்னத் திருகு மூடி. தண்ணீர் எல்லாம் வடிந்து மூடிக்குள் சேரும், வேண்டிய இடத்தில் திருகிக் கொட்டிவிடலாம். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு கோடு, கோட்டின் முடிவில் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு கணக்கு. 'மூடி மூவாயிரத்து நூறு திருகலுக்குப் பிறகு தேய்கிறது. ரப்பரை மாற்று.' நாற்பது சீட்டு. நாற்பதிலும் உழைப்பு. பலகை என்னவோ ஒன்றுதான். எழுதுகிறவர்கள்தான் வேறு வேறு.

கைப்பிடியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

"இது உயிர்நாடியா?" என்றாள் ஊசியக்கா.

"உயிர்நாடியாவது! சண்டை இன்னும் முடியலைன்னு அர்த்தம். கைப்பிடி வளைஞ்சிருந்தா பஸ் கம்பியில மாட்டலாம்னு நான் சொன்னேன். நேரா இருந்தாப் போதும்னு மேனேஜர். நாலு மாசமா அந்த வட்டம் அங்கேயே இருக்கு. ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாத்தான் அழிப்போம். அதுதான் இங்க வழக்கம்."

"இந்த வழக்கம் எல்லாருக்கும் தெரியுமா?"

"பலகையைத் திறந்து வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும்."

ஊசியக்கா கைப்பையைத் துழாவி ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் முதுகில் ஏதோ எழுதிக்கொண்டாள். அவளுடைய குறிப்பேடு, கோப்பு, பலகை எல்லாம் அதுதான்.

தம்பி எதிர்க்கம்பெனிக் குடையைக் கையில் எடுத்துத் திருப்பினான். கைப்பிடியைச் சுற்றி ஒரு சிவப்பு ரப்பர் வளையம் மாட்டியிருந்தது. பிடிக்க வசதியில்லை, அழகுமில்லை, ஆனால் அழுத்தமாக இருந்தது. தொங்கிய அட்டையை உரக்கப் படித்தான்.

"'சொட்டவே சொட்டாத புதுமைக் குடை. உயிர்நாடி வளையம் பொருத்தப்பட்டது.' ஏன்க்கா, வளையத்தைக் கழட்டினா குடைக்கு மூச்சு நின்னுடுமா? இந்த உயிர்நாடிங்கற வார்த்தையை இன்னிக்கு எங்கேயோ கேட்டேன்."

"நீ வாயை மூடியிருந்த நேரத்துல கேட்டிருப்பே. அப்ப ரொம்ப நேரமா இருக்காது, யோசிச்சுப் பாரு."

டிசைனர் வளையத்தையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "எங்க சண்டைக்கு அச்சு செஞ்சு வித்துட்டானா!"

"இந்தக் குடையை எடுத்துக்கிட்டு வெளியே பெய்யற மழையில ஒரு சுத்து சுத்திட்டு வா," என்றாள் ஊசியக்கா தம்பியிடம்.

"நானா?"

"நீதான் இங்க சும்மா காய்ஞ்சு கிடக்கே."

*

பத்து நிமிஷம் கழித்துத் தம்பி வரவேற்பறையில் வந்து நின்றான். குடையை மடக்கி, உறையை இழுத்துவிட்டு, கம்பீரமாக மூன்று எண்ணினான். நாலு எண்ணுவதற்குள் உறையின் அடி வழியாக மொத்தத் தண்ணீரும் அவன் செருப்பில் இறங்கியது. அடியில் மூடி இல்லை. மூடி இருந்த சுவடும் இல்லை. உறை அங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"சொட்டவே சொட்டாதுன்னு எழுதினவன் நாணயமானவன்தான். இது சொட்டலை, கொட்டுது," என்றான் தம்பி.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். ஊசியக்கா நிதானமாகக் கேட்டாள். "சார், பத்து மாசம் ரப்பர் தேய்ஞ்சதை எண்ணினவங்க, விக்கும்போது மூடியை விட்டுட்டா விப்பாங்க? மூடி இல்லாட்டி இது குடைக்குப் போட்ட கால்சட்டை."

மேனேஜர் அசரவில்லை. "அதுலதான் மேடம் கெட்டிக்காரத்தனம். பாதியை இப்ப வித்து, மூடியை அப்புறம் தனியா பேரம் பேசலாம்னு வெச்சிருப்பாங்க. சிவப்பு வட்டத்தையும் வேணும்னே விட்டிருப்பாங்க, வெளியாள் வேலைன்னு நம்ம நினைக்கறதுக்கு."

அவர் போனதும் தம்பி செருப்பை உதறினான். "இவன்தான்க்கா. அடிச்சுச் சொல்றேன். நாலு மாசம் சண்டை போட்டவன், இப்பக் கேக்கறதுக்கு முன்னாடி பதில் வெச்சிருக்கான். ஒரு காப்பி பந்தயம்."

"ரெண்டு காப்பி. எனக்குச் சர்க்கரை வேண்டாம். வா, பலகையார் அறைக்குப் போவோம்."

பலகையாரின் அறைக்குக் காட்சிசாலை என்றே பெயர் வைத்திருக்கலாம். மூன்று சுவரிலும் அவரே இருந்தார். பரிசு வாங்கும் அவர், பரிசு கொடுக்கும் அவர், யாரோ பரிசு வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் அவர். மேஜையில் கம்ப்யூட்டரின் விசைகள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலப் பளிச்சென்று இருந்தன. பேசிக்கொண்டே அவர் சட்டைப் பையிலிருந்து கையளவு நோட்டு ஒன்றையும் குட்டைப் பென்சிலையும் எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். காகிதம் இல்லாத கம்பெனியில் காகிதம் வைத்திருந்த ஒரே ஆளை வணங்கத் தோன்றியது தம்பிக்கு.

ஊசியக்கா ஒரு பெரிய போட்டோவின் முன்னால் நின்றாள். ஏதோ ஒரு மேடை. பின்னால் வெள்ளித்திரை, அதில் பலகை. அதற்கு முன்னால் பலகையார், விரல் ஒன்று வானத்தை நோக்கி.

"ஆ, அதுவா! எண்ணங்களைப் படமாக ஒழுங்கு செய்வது எப்படின்னு ஒரு மன்றத்துல பேசினேன். முன்னூறு பேர். எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"எந்த நாள் சார்?"

"மூணு மாசம் இருக்கும். ஒரு புதன்கிழமை."

ஊசியக்கா போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள். "உங்க உயரம் என்ன சார்?"

பலகையார் மகிழ்ந்துபோனார். "அஞ்சடி ஒன்பது. ஏன்?"

"சும்மாதான். நல்ல உயரம்," என்று சொல்லிவிட்டு அதையும் பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதிக்கொண்டாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். கல்யாணத் தரகர்தான் இப்படிக் கேட்பார்.

*

நாலு மணிக்குக் கூட்டம். பெரிய அறையில் முப்பத்திரண்டு பேரும் வந்து சுவரோரமாக நின்றார்கள். யாரும் டிசைனரின் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்றுவரை அவள் மேஜையில் உட்கார்ந்து வம்பு பேசியவர்கள், இன்று அவளுக்கும் தங்களுக்கும் நடுவில் மூன்றடி விட்டு நின்றார்கள். மேஜைமேல் ராஜினாமா கடிதமும் பேனாவும் தயாராக இருந்தன. டிசைனர் ஜன்னல் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். தம்பிக்கு அந்தக் கடிதத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நம்ம குடும்பத்துல ஒரு கறுப்பு ஆடு..." என்று பலகையார் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் ஊசியக்கா. "பலகையைத் திறந்துட்டுப் பேசலாம். எல்லாரும் பாக்கட்டும்."

"மாப்ளே, திற."

"மேனேஜர் வேண்டாம் சார். நீங்க உங்க கையால திறந்தாத்தான் என் அறிக்கைக்குப் பலம்."

பலகையார் சிரித்தார். முப்பத்திரண்டு பேரைப் பார்த்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பிறகு மிக இயல்பாக, மூக்குப்பொடி டப்பாவை எடுப்பது மாதிரி, சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டி நோட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் தட்டினார்.

பத்தடித் திரை விழித்துக்கொண்டது. 'நல்வரவு' என்று எழுந்தது. அதன் கீழே டிசைனரின் பெயரும், மூக்குக்கண்ணாடி போட்ட அவள் முகமும் ஓர் ஆள் உயரத்துக்கு வந்து நின்றன.

எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.

"மேனேஜர் சார், பதிவேட்டுல கடைசி வரியைக் கொஞ்சம் படிங்க," என்றாள் ஊசியக்கா.

மேனேஜர் குனிந்தார். அவர் குரல் பாதியாக இறங்கியிருந்தது. "இன்று, நாலு ஏழு. டிசைனர் பலகையைத் திறந்தார்."

"டிசைனரம்மா அங்க ஜன்னல்கிட்ட கையைக் கட்டிட்டு நிக்கறாங்க. பதிவேடு பொய் சொல்லாதுன்னீங்களே?"

டிசைனர்தான் முதலில் பேசினாள். "பலகை வந்த முதல் நாள் இவருக்குத் திறக்கக் கத்துக்குடுத்தேன். என் பேர்ல திறந்து காட்டினேன். நோட்டுல எழுதிக்கிட்டார். உங்களுக்குத் தனிப் பேர் இருக்குன்னு சொன்னேன். சரி சரின்னார்."

"அந்தத் தனிப் பேர்ல இன்னிக்கு வரைக்கும் யாரும் உள்ள வரலை. மதியம் பதிவேட்டைப் பாத்தேன்," என்றாள் ஊசியக்கா. "புதன்கிழமை பேச்சு. அதுக்கு ஒரு படம் வேணும். செவ்வாய்க்கிழமை மூணு பத்து."

பலகையாருக்கு வேர்த்தது. ஆனாலும் மேடை பார்த்த மனுஷன், சட்டென்று எழுந்தார். "சரி, ஒரு படம் எடுத்தேன். அதுக்கென்ன? நம்ம எல்லாரும் ஒரே குடும்பம், யார் பேர்ல திறந்தா என்ன?"

"குடும்பம்தான் சார். அதான் செஞ்சது அப்பா, பழி மகளுக்கு."

"நான் யாருக்கும் விக்கலையே! மேடையில காட்டினேன், அவ்வளவுதான். இவங்க தனியா வித்திருக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

ஊசியக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி போய்ப் பலகையாரின் அறையிலிருந்து அந்தப் பெரிய போட்டோவைக் கழற்றி வந்து, திரையில் இருந்த குடைப் படத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தான்.

"போட்டோவுல குடை தெரியுதா? கைப்பிடி தெரியுது. சிவப்பு வட்டம் தெரியுது. துணி, உறை, எல்லாம் தெரியுது. எதிர்க்கம்பெனிக் குடையில இருக்கறதெல்லாம் இதுல இருக்கு," என்றாள் ஊசியக்கா. "அந்தக் குடையில இல்லாதது ஒண்ணே ஒண்ணு. முனையில இருக்கற மூடி. இந்தப் போட்டோவுல மூடி எங்கேன்னு யாராவது சொல்லுங்களேன்."

முப்பத்திரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் தம்பிக்கும் உறைத்தது. குடையின் முனை இருக்க வேண்டிய இடத்தில், துல்லியமாக, வழுக்கையில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்க, பலகையாரின் தலை இருந்தது. அஞ்சடி ஒன்பது.

"அடக் கடவுளே," என்றான் தம்பி. "அவன் குடையைக் காப்பி அடிக்கலை. இந்தப் போட்டோவைக் காப்பி அடிச்சிருக்கான்!"

"பேச்சு நடந்த மன்றம் இதே போட்டோவை அவங்க இணையப் பக்கத்துல போட்டிருக்கு. மூணு மாசமா ஆயிரத்து நானூறு பேர் பாத்திருக்காங்க. கீழ சாரோட பொன்மொழி ஒண்ணும் இருக்கு. 'சிவப்பு வட்டமே திட்டத்தின் உயிர்நாடி.' அதை நம்பித்தான் அவன் ரப்பர்ல வளையம் செஞ்சு மாட்டினான். இந்தக் கம்பெனியில அந்த வட்டத்துக்கு அர்த்தம் தெரியாத ஆள் ஒருத்தர்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் ஒலிபெருக்கி வைத்துக் கெட்டிருந்தது. சுவரோரமாக யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. சற்றுமுன் விட்டிருந்த மூன்றடியைக் கடந்து இரண்டு பேர் டிசைனரின் பக்கத்தில் போய் நின்றார்கள். தம்பிக்கு அவர்கள்மேல் நல்ல அபிப்பிராயம் ஒன்றும் வரவில்லை.

பலகையார் தொண்டையைச் செருமினார். "சரி. இதை நாம ஒரு பாடமா எடுத்துக்கலாம். பலகையில ஒரு மஞ்சள் சீட்டு போட்டு..."

"கையெழுத்து கேட்டீங்களே சார்," என்றாள் டிசைனர்.

அவள் மேஜைக்கு வந்தாள். ராஜினாமா கடிதத்தை எடுத்து நாலாக மடித்து, தான் கொண்டுவந்திருந்த வெட்டுப்பட்ட குடை ஒன்றின் உறைக்குள் திணித்தாள். தன் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து வைத்தாள். குடைக்கான காப்புரிமை விண்ணப்பம். உருவாக்கியவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது. ஏழு வாரமாகக் கம்பெனிக் கையெழுத்துக்காக அது காத்திருந்தது.

"போட வேண்டியது நான் இல்லை, நீங்க. மூடி இன்னும் நம்மகிட்டதான் இருக்கு. உங்க தலை மறைச்சதால தப்பிச்சது. நன்றி."

பலகையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். முப்பத்திரண்டு பேரும் இப்போது முகத்துக்கு நேரே பார்த்தார்கள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் முதல் எழுத்து இரண்டு தடவை விழுந்தது.

டிசைனர் தாளை வாங்கிப் பத்திரமாக வைத்தாள். பிறகு மேஜையிலிருந்து ஒரு சிவப்பு மார்க்கரை எடுத்தாள். தம்பி தூக்கிப் பிடித்திருந்த போட்டோவின் கண்ணாடிமேல், பலகையாரின் பளபளக்கும் தலையைச் சுற்றி, அளவெடுத்தது போல ஒரு வட்டம் போட்டாள். மூடியைச் சொடுக்கி மூடி மேஜையில் வைத்துவிட்டு, வெட்டிய குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சாத்தியதும் பலகையார் மைத்துனர் பக்கம் சாய்ந்தார். குரலில் கொஞ்சம் ஆசைகூட இருந்தது.

"மாப்ளே, அது... உயிர்நாடின்னுதானே சொல்றா?"

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"இல்ல மாமா. சண்டை இன்னும் முடியலைன்னு சொல்றாங்க."